பென்சில் கன இடைவெளியில் பிறந்த தேனீப் பெட்டி

உங்கள் தோப்பில் தேனீப் பெட்டி இருந்தால், மேல்மூடியைத் திறந்து ஒரு சட்டத்தை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். அடை அறுபடாது. தேன் சிந்தாது. ராணி முட்டை வைத்திருக்கிறதா, தேன் சேர்ந்திருக்கிறதா, மெழுகுப் பூச்சி புகுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதே இடத்தில் சட்டத்தை வைத்துவிடலாம். இரண்டு நிமிட வேலை.

175 ஆண்டுகளுக்கு முன்பு இது இவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. அன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலானோர் தேனீக்களை வைக்கோல் கூடையிலோ மூடிய மரப்பெட்டியிலோ வளர்த்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. தேன் எடுக்கும் காலம் வந்தால், கூட்டுக்கு அடியில் கந்தகத்தைக் கொளுத்தி தேனீக்களைக் கொன்றுவிட்டு அடையை அறுத்தார்கள். பால் கறக்க மாட்டையே வெட்டுவது போன்ற வேலை அது.

இந்த வழக்கத்தை மாற்றியவர் லொரென்சோ லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கப் போதகர். இன்று இத்தாலியத் தேனீ வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் பெட்டிக்கு அவர் பெயர்தான். நம் ஊர் அடுக்குத் தேனீக்கு நீங்கள் வைக்கும் நியூட்டன் பெட்டியும் அவர் கண்ட அளவை ஒட்டித்தான் இயங்குகிறது. தேனீ வளர்க்க ஆரம்பிக்கும் எவரும் அவர் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. அதில் தொழில் பாடமும் உண்டு, வாழ்க்கைப் பாடமும் உண்டு.

எறும்பு பார்த்து அடி வாங்கிய சிறுவன்

லாங்ஸ்ட்ராத் 1810 டிசம்பர் 25 அன்று பிலடெல்பியா நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே பூச்சிகள் மீது தீராத ஆசை. எறும்புகள் போவதையும் வருவதையும் பார்க்க, சரளைக்கல் பாதையில் மணிக்கணக்கில் மண்டியிட்டுக் கிடப்பார். அதனால் கால்சட்டை முழங்காலில் கிழிந்துபோக, வீட்டில் அடி விழுந்தது. பூச்சியைப் பார்ப்பதெல்லாம் வெட்டி வேலை என்று அன்றைய பெரியவர்கள் நினைத்தார்கள்.

யேல் கல்லூரியில் படித்து 1831-ல் பட்டம் பெற்றார். அங்கேயே சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். 1836-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவர் என்ற ஊரில் சபைப் போதகர் ஆனார். அதே ஆண்டு அன்னா என்ற பெண்ணை மணந்தார்.

வேலை நன்றாகத்தான் போனது. ஆனால் அவரை ஒரு நோய் துரத்தியது. திடீரென்று மனம் இருண்டுவிடும். பேச முடியாது, படிக்க முடியாது, மனிதர்களைப் பார்க்கவே பிடிக்காது. சில நேரம் இது மாதக்கணக்கில் நீளும். இன்று இதைத் தீவிர மனச்சோர்வு என்று சொல்லி மருத்துவம் பார்க்கிறோம். அன்று அதற்குச் சரியான மருந்து இல்லை. இந்த நோயால் போதகர் வேலையை விட்டார். பெண்கள் பள்ளிகளில் பாடம் நடத்தினார், மீண்டும் போதகரானார், மீண்டும் விலகினார். வாழ்நாள் முழுவதும் இதே போராட்டம்தான்.

கண்ணாடிக் குடுவையில் ஒரு தேனடை

1838-ன் கோடைக்காலம். நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தார். மேசைமீது பெரிய கண்ணாடிக் குடுவை. அதற்குள் தேனீக்கள் கட்டிய அடை, நிறையத் தேன். அதைப் பார்த்ததும் சிறு வயது ஆசை திரும்ப வந்தது. நண்பர் அவரை மாடிக்கு அழைத்துப்போய் தேனீக்களைக் காட்டினார். அன்று வீடு திரும்பும்போது இரண்டு தேனீக் கூட்டங்களை விலை கொடுத்து வாங்கியே திரும்பினார்.

இதைக் கவனியுங்கள். அவர் ஆரம்பித்தது இரண்டு கூட்டங்களோடு. நீங்களும் அப்படியே ஆரம்பியுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால், அது சோர்ந்திருக்கிறதா சுறுசுறுப்பாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. ஒன்றில் ராணி இறந்துவிட்டால், மற்றதிலிருந்து முட்டை உள்ள ஒரு சட்டத்தை எடுத்து வைத்துக் காப்பாற்றலாம். எடுத்த எடுப்பில் 20 பெட்டி வாங்கி, பழகுவதற்குள் பாதியை இழந்தவர்கள் நம் ஊரில் உண்டு.

லாங்ஸ்ட்ராத் பத்து ஆண்டுகளுக்கு மேல் தேனீக்களைக் கவனித்தார், கையில் கிடைத்த நூல்களையெல்லாம் படித்தார். அவற்றில் அவரை மிகவும் கவர்ந்தவை பிரான்சுவா ஹூபர் எழுதியவை. ஹூபர் சுவிட்சர்லாந்துக்காரர். கண் பார்வை இழந்தவர். உதவியாளரின் கண்களைக் கொண்டே தேனீ வாழ்க்கையின் பல ரகசியங்களைக் கண்டுபிடித்தவர். புத்தகத்தின் பக்கங்களைப் போல் திறந்து மூடும் ஒரு கூட்டை அவர் செய்திருந்தார். ஆனால் அது ஆராய்ச்சிக்குத்தான் உதவியது. விவசாயி தினமும் திறந்து மூட அது தோதுப்படவில்லை.

கட்டையும் அடையும் ஒட்டிக்கொண்ட சிக்கல்

1848-ல் லாங்ஸ்ட்ராத் பிலடெல்பியாவுக்குத் திரும்பினார். பள்ளி நடத்திக்கொண்டே தேனீ வளர்த்தார். அவர் பயன்படுத்திய பெட்டியில் மேலே வரிசையாகக் கட்டைகள் இருக்கும். தேனீக்கள் அவற்றிலிருந்து அடையைத் தொங்கவிடும். இதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, மூடியும் கட்டைகளும் தேனீப் பிசினால் இறுக ஒட்டிக்கொள்ளும். இரண்டு, அடையின் ஓரங்களைப் பெட்டியின் சுவரோடு சேர்த்துத் தேனீக்கள் கட்டிவிடும். ஒவ்வொரு முறையும் கத்தியால் அறுத்தால்தான் அடையை வெளியே எடுக்க முடியும். அறுத்தால் தேன் ஒழுகும், புழுக்கள் சாகும், தேனீக்கள் சீறும்.

முதல் சிக்கலுக்கு ஒரு வழி கண்டார். கட்டைகளைச் சற்றே கீழே இறக்கி, கட்டைக்கும் மூடிக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டார். அது 3/8 அங்குலம், அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் தேனீக்கள் பிசினும் பூசவில்லை, அடையும் கட்டவில்லை. நடந்து போகும் வழியாக அதை விட்டுவைத்தன. மூடி சுலபமாகக் கழன்று வந்தது.

1851-ன் இலையுதிர் காலத்தில், தேனீக்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில் அவருக்கு அடுத்த யோசனை வந்தது. மூடிக்குக் கீழே விட்ட அதே இடைவெளியை ஏன் நான்கு பக்கமும் விடக்கூடாது? அடையை நாற்புறமும் சூழ்ந்த ஒரு மரச்சட்டம். சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே அதே சிறு வழி. அப்படிச் செய்தால் அடை சட்டத்துக்குள் இருக்கும், சுவரோடு ஒட்டாது. நினைத்த மாத்திரத்தில் எடுக்கலாம், வைக்கலாம். ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். மகிழ்ச்சி தாங்காமல் தெருவிலேயே கத்திவிடாமல் இருக்கச் சிரமப்பட்டாராம்.

இதே காலத்தில் ஐரோப்பாவிலும் ஜிர்சோன், பெர்லெப்ஷ் போன்றவர்கள் இதே திசையில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மேலிருந்து திறந்து, எந்தச் சட்டத்தையும் தனியாகத் தூக்கி எடுக்கும் பெட்டியை விவசாயி கையாளும்படி செய்தது லாங்ஸ்ட்ராத்தான்.

உங்கள் பெட்டியில் இந்த அளவு சரியா?

இந்த இடைவெளி இன்றும் உங்கள் காசைக் காப்பாற்றும். வழி ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தேனீ நுழைய முடியாது; இத்தாலியத் தேனீ அதைப் பிசினால் அடைத்துவிடும். 9 மில்லிமீட்டருக்கு மேல் கூடினால், வீணாகும் இடம் என்று நினைத்து அங்கே அடை கட்டிவிடும். நம் அடுக்குத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை. ஆனால் இடம் அதிகமானால் அதுவும் குறுக்கே அடை கட்டும்.

பெட்டி வாங்கும்போது ஒரு சாதாரண பென்சிலைக் கையோடு கொண்டுபோங்கள். அதன் கனம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். சட்டத்தின் பக்கக் கட்டைக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே பென்சில் தடையின்றி இறங்க வேண்டும். இரண்டு பென்சில் சேர்ந்து இறங்கினால் அந்தப் பெட்டி வேண்டாம். உள்ளூர்த் தச்சரிடம் செய்யச் சொன்னால், பெட்டியின் வெளி அளவைக் கொடுக்காதீர்கள், உள் அளவைக் கொடுங்கள். பலகையின் கனம் மாறும்போது தவறு நடப்பது இங்கேதான். நன்றாகக் காயாத மரத்தில் செய்தால், பிறகு சுருங்கியோ வளைந்தோ இந்த அளவு கெட்டுவிடும்.

காப்புரிமை கிடைத்தது, காசு கிடைக்கவில்லை

1852 அக்டோபர் 5 அன்று லாங்ஸ்ட்ராத்தின் பெட்டிக்கு அமெரிக்க அரசு காப்புரிமை வழங்கியது. அதன் எண் 9300. அடுத்த ஆண்டே, 1853-ல், தேனீக்களைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் ஒரு நூல் வெளியிட்டார். திருத்தப்பட்ட பதிப்புகளாக அந்த நூல் இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது.

பெயர் பரவியது. ஆனால் பணம் வரவில்லை. நான்கு பலகையும் சில சட்டங்களும் கொண்ட பெட்டி அது. பார்த்தவர்கள் அப்படியே செய்துகொண்டார்கள். சிலர் சிறு மாற்றம் செய்து தங்கள் கண்டுபிடிப்பு என்று விற்றார்கள். அவர் வழக்குப் போட்டார். வழக்கு நீண்டது, கையிருப்பு கரைந்தது, மனநோய் இடையிடையே அவரை முடக்கியது. உரிமைக் காலம் முடியும்வரையிலும் அவருக்குச் சேர வேண்டியது சேரவில்லை.

1858-ல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். வீட்டைச் சுற்றி நிலம் இருந்தது. ஆப்பிள் கன்றுகள் நட்டார். தேன் நிறையக் கொடுக்கும் லிண்டன் மரங்களை வரிசையாக வைத்தார். பக்வீட், குளோவர் போன்ற பூக்கும் பயிர்களை விதைத்தார். பெட்டி கண்டுபிடித்தவருக்கே பெட்டி மட்டும் போதாது, பூ வேண்டும் என்பது தெரிந்திருந்தது. மகன் ஜேம்ஸ் துணையோடு இத்தாலியத் தேனீயின் ராணிகளை வளர்த்து அஞ்சலில் அனுப்பினார். அந்தத் தேனீ சாதுவானது, உழைப்பாளி என்பதை அமெரிக்க விவசாயிகளுக்கு உணர்த்தியவர்களில் அவரும் ஒருவர்.

1870-ல் ஜேம்ஸ் இறந்தார். 1873-ல் மனைவி அன்னாவும் இறந்தார். வயதும் நோயும் சேர்ந்துகொள்ள, தேனீக் கூட்டங்களை விற்றுவிட்டார். மனம் இருண்ட நாட்களில் தேனீ என்ற பேச்சே அவருக்குப் பிடிக்காமல் போகும். தெளிந்த நாட்களில் நாடெங்கிலுமிருந்து வரும் கேள்விகளுக்குப் பொறுமையாகக் கடிதம் எழுதுவார்.

அவருக்குப் பணம் கிடைக்காவிட்டாலும், அவர் பெட்டியை அடித்தளமாக வைத்து மற்றவை வரிசையாக வந்தன. 1857-ல் ஜெர்மனியில் மெழுகு அடித்தளத் தாள். 1865-ல் அடையை உடைக்காமல் சுழற்றித் தேன் எடுக்கும் கருவி. பிறகு கையில் பிடிக்கும் புகைப்பான். கழற்றி மாட்டும் சட்டம் இல்லையென்றால் இவற்றில் முதலிரண்டுக்கு வேலையே இல்லை.

திருச்சிக்கு வந்த பெட்டி

லாங்ஸ்ட்ராத் பெட்டி ஐரோப்பியத் தேனீக்கு ஏற்றது. நம் அடுக்குத் தேனீ உருவத்தில் சிறியது, கூட்டமும் சிறியது. அதற்கு அவ்வளவு பெரிய வீடு தேவையில்லை. 1911 முதல் 1917 வரை திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பணியாற்றிய பாதிரியார் நியூட்டன், நம் தேனீயின் அளவுக்கு ஏற்பச் சிறிய பெட்டியை வடிவமைத்து, கிராம மக்களுக்குத் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெட்டிதான் நியூட்டன் பெட்டி. பின்னர் கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் பகுதி தேனுக்குப் பெயர் பெற்றதும் இப்படிப்பட்ட பெட்டிகளால்தான்.

1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் பரவி, கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் எண்ணற்ற அடுக்குத் தேனீக் கூட்டங்கள் அழிந்தன. புழுக்கள் கூட்டுப்புழு ஆகாமல், நீர் நிறைந்த பை போல ஆகிச் சாகும் நோய் அது. மருந்து கிடையாது. நோய் கண்ட கூட்டத்தின் சட்டத்தை நல்ல கூட்டத்துக்கு மாற்றவே கூடாது. சட்டம் மாற்றுவது எவ்வளவு சுலபமோ, நோய் மாற்றுவதும் அவ்வளவு சுலபம்.

நீங்கள் ஆரம்பிக்கும்போது

லாங்ஸ்ட்ராத் தன் நூலில் திரும்பத் திரும்பச் சொன்ன விதி, கூட்டங்களை வலுவாக வைத்திரு என்பது. பத்து நோஞ்சான் கூட்டத்தைவிட வலுவான இரண்டு கூட்டம் அதிகத் தேன் தரும், மெழுகுப் பூச்சியையும் தானே விரட்டும். அதற்கு நீங்கள் செய்ய வேண்டியவை இவை.

பூக்கள் பெருகும் பருவத்துக்குச் சற்று முன்பு ஆரம்பியுங்கள். காலை வெயில் படும், மதிய வெயில் படாத, பலத்த காற்று வீசாத இடத்தில் பெட்டியை வையுங்கள். பக்கத்தில் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும். தாங்கியின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

மரப்பொந்திலோ சுவர் இடுக்கிலோ இருந்து கூட்டம் பிடித்தால், புழு உள்ள அடைகளை வாழை நாரால் சட்டத்தில் கட்டுங்கள். ராணி உள்ளே வந்துவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். ராணி வராவிட்டால் கூட்டம் தங்காது.

வாரம் ஒரு முறை திறந்து பார்த்தால் போதும். தினமும் திறந்தால் கூட்டம் ஓடிவிடும். திறக்கும் முன் தேங்காய் நார்ப் புகை கொஞ்சம் காட்டி, சிறிது நேரம் பொறுங்கள். புகை பட்டதும் தேனீக்கள் தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும். வயிறு நிறைந்த தேனீ சுலபத்தில் கொட்டாது. லாங்ஸ்ட்ராத் தன் வாசகர்களுக்கு வலியுறுத்திய பாடம் இதுவும்தான்.

தேனை மேலே உள்ள தேன் அறையிலிருந்து மட்டும் எடுங்கள். அறைகள் பெரும்பாலும் மெழுகால் மூடப்பட்ட பிறகே எடுங்கள். கீழே புழு அறையில் உள்ள தேன் தேனீக்களின் மழைக்காலச் சாப்பாடு. பூ இல்லாத மாதங்களில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்து மாலையில் வையுங்கள். ஒரு நல்ல அடுக்குத் தேனீக் கூட்டம் ஆண்டுக்கு 5 முதல் 10 கிலோ தேன் தரலாம். ஆனால் உங்கள் பெரிய லாபம் தென்னையிலும், சூரியகாந்தியிலும், வெள்ளரி, பூசணி, பாகலிலும் காய்ப்பு கூடுவதில்தான் இருக்கிறது.

பெட்டிக்கு வராத தேனீக்கள்

லாங்ஸ்ட்ராத்தின் நாட்டில் அவர் வளர்த்த தேனீ அந்த மண்ணுக்குச் சொந்தமானதல்ல. 1600-களில் ஐரோப்பியக் குடியேறிகள் கப்பலில் கொண்டுவந்தது. அதற்கு முன்பும் அங்கே பூசணி காய்த்தது. காய்க்க வைத்தவை, பூசணிப் பூவையே நம்பி வாழும் உள்ளூர்க் காட்டுத் தேனீக்கள். நம் நாட்டிலும் இத்தாலியத் தேனீ 1960-களில் காலூன்றிய புதுவரவு.

உங்கள் வயலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாறையிலும் உயரமான மரத்திலும் மலைத்தேனீ, புதரில் கொம்புத்தேனீ, சுவர் ஓட்டையில் கொசுத்தேனீ இருக்கும். கூட்டமாக வாழாத தேனீக்களும் பல. கத்தரி, தக்காளிப் பூவின் மகரந்தம் சிறு துளை வழியாகத்தான் கொட்டும். அதற்கு உடலை அதிரவைத்துப் பூவை உலுக்க வேண்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. மரத்தில் துளை போடும் கரிய தச்சன் தேனீக்குத் தெரியும். துவரைப் பூவைத் தேடி வருவது இலைவெட்டும் தேனீ. ரோஜா இலையில் வட்டமாக வெட்டிய தடம் தெரிந்தால் அது அதன் வேலை. பூச்சி அடித்துவிட்டது என்று மருந்து எடுக்காதீர்கள்.

இவற்றுக்குப் பெட்டி வேண்டாம். இடம் வேண்டும். வேலியில் ஒரு காய்ந்த மரத்தை விட்டுவையுங்கள். ஒரு பக்கம் கணுவோடு நறுக்கிய மெல்லிய மூங்கில் துண்டுகளைக் கட்டி, மழை படாமல் தொங்கவிடுங்கள். வரப்போரம் உழாத மண் சிறிது இருக்கட்டும். மண்ணில் வளை தோண்டும் தேனீக்கள் பல. புங்கம், வேம்பு, நாவல், முருங்கை, தும்பை என்று மாறி மாறிப் பூக்கும்படி வேலி ஓரத்தில் வளருங்கள். பூக்கும் பயிரில் மருந்து அடிக்காதீர்கள். தவிர்க்கவே முடியாவிட்டால், தேனீக்கள் அடங்கிய பிறகு மாலை மங்கும் நேரத்தில் அடியுங்கள். மலைத்தேன் கூட்டைத் தீ வைத்து எடுப்பது, லாங்ஸ்ட்ராத் எதிர்த்த கந்தகப் புகைக்கு நாம் கொடுக்கும் மறுபிறவி.

கடைசி ஞாயிறு

1887-ல் லாங்ஸ்ட்ராத் ஒஹாயோவின் டேட்டன் நகருக்கு மகள் குடும்பத்தோடு இடம் மாறினார். 1895 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. அங்குள்ள ஆலயத்தில் பிரசங்கம் செய்ய எழுந்தார். பேசத் தொடங்கிய சற்று நேரத்தில் சரிந்தார். அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 84.

அவர் செல்வந்தராக இறக்கவில்லை. வாழ்நாளில் பல ஆண்டுகளை நோய் தின்றது. ஆனாலும் தெளிந்த நாட்களில் அவர் செய்த வேலை போதுமானதாக இருந்தது. விளைச்சல் பொய்த்தோ கடன் நெருக்கியோ உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது பேச்சில்லாமல் ஒடுங்கிக் கிடந்தால், அது சோம்பல் அல்ல, நோயாக இருக்கலாம். இன்று அதற்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. லாங்ஸ்ட்ராத்துக்குக் கிடைக்காதது அவர்களுக்குக் கிடைக்கட்டும்.

அடுத்த முறை பெட்டியைத் திறக்கும்போது, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் அந்தச் சிறிய வழியை ஒரு நிமிடம் பாருங்கள். தேனீக்கள் வரிசையாக நடந்துகொண்டிருக்கும்.